மூன்றாவது வினை

இரவு பதினொன்றே கால். வெளியே மைனஸ் இருபத்தாறு.
தண்டர் பே நகரத்துப் பிப்ரவரிக்கு
குளிர்வதைத் தவிர வேறு வேலை கிடையாது.
நாளைய ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து சாவு,
வரிக்கு இரண்டு டாலர் எண்பது சென்ட்.
நான்காவது, வெய்க்கோ ஹெக்கலா, எழுபத்தொன்பது வயது,
தானியக் கிடங்கில் பதினெட்டு ஆண்டு,
பிறகு எங்கே என்று குறிப்பில்லை.
எழுதி அனுப்பியவள் மகள் தார்யா.

அப்பாவுக்குப் பிடித்தவை:
ஃபிஷிங், வெல்டிங், அண்ட் டு லீவ்.

என் பென்சில் தானாக நின்றது.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.
முதல் வினை 'இங்' என்று முடிந்தால்
பின்னால் வருகிறவையும் 'இங்' என்றே முடிய வேண்டும்.
முதல் சொல் கொடுத்த வாக்கைக்
கடைசிச் சொல் காப்பாற்ற வேண்டும்.
இந்த விதிக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.
"சாலை செப்பனிடுதல், வரி குறைத்தல், நாங்கள் பனியை அள்ளுவோம்"
என்று வந்த நகரசபை அறிக்கையை
மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
என் கணவனின் மளிகைச் சீட்டைக்கூட
(பால் வாங்க, ரொட்டி, பல்பு மாற்றுவது)
திருத்தி ஃபிரிட்ஜில் ஒட்டியதுண்டு.
அவன் சிரித்தான்.
ஆரம்பத்தில்.

'டு'வை அடித்தேன். வால் பக்கம் ஓர் 'இங்'கை ஒட்டினேன்.
ஃபிஷிங், வெல்டிங், லீவிங்.
மூன்று கொக்கியில் மூன்று கோட்டு.
ஓசை சரி, அகலம் சரி, ஒரு வரியில் அடங்கியும்விட்டது.
பிறகு வாய்விட்டு ஒருமுறை படித்தேன்.
மனிதர் சனிக்கிழமைதோறும்
தூண்டில், ஃபிளாஸ்க், கொஞ்சம் விட்டுப்போதல்
எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு
ஏரிக்குப் போய்
இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர் போலிருந்தது.

போன் செய்தேன். அந்த நேரத்தில் செய்யக் கூடாதுதான்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"இலக்கணம் பற்றி," என்றேன். எனக்கே கூசியது.
"மூன்றாவது வினை மற்ற இரண்டோடு ஒட்டவில்லை.
'லீவிங்' என்று மாற்றட்டுமா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடியது.
நின்றது.

"மீன் பிடித்துக்கொண்டே இருப்பார்," என்றாள்.
"வெல்டிங்கும் அப்படித்தான், ராத்திரி முழுக்க கராஜில்.
எங்கள் ஜன்னல் நீலமாக வெட்டும்,
நாங்கள் போர்வைக்குள் எண்ணுவோம்.
போனது ஒரே ஒரு தடவை.
எண்பத்து நாலு நவம்பர், குப்பை வண்டி வருகிற நாள்.
அதற்கு எப்படி நீங்கள் 'இங்' போடுவீர்கள்?"

எனக்குத் தெரிந்த கையேடு எதிலும் இந்தக் கேள்வி இல்லை.
"ஆனால் பிடித்தவை என்று..." இழுத்தேன்.
"பிடித்திருந்தது. சஸ்கட்டூனிலிருந்து கார்டு போட்டிருந்தார்.
'இங்கே காற்று நன்றாக இருக்கிறது.'
அவ்வளவுதான். கையெழுத்துகூட இல்லை."

அடித்த சொல்லின் கீழே
வரிசையாகச் சின்னப் புள்ளிகள் வைத்தேன்.
எங்கள் தொழிலில் அதற்கு 'இருக்கட்டும்' என்று அர்த்தம்.
பக்கம் அச்சுக்குப் போனது.
கார் பேட்டரி செத்திருந்தது, டாக்சிக்கு நாற்பது நிமிடம்.

அடுத்த புதன்கிழமை ஒரு உறை வந்தது,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தியிடமிருந்து.
கத்தரித்த அந்த வரி, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
ஓரத்தில் அழகான கையெழுத்தில்:
பட்டியலில் ஒத்த வடிவம் எங்கே?
அவள் சொல்வது சரி.
நானாக இருந்தாலும் வட்டம் போட்டிருப்பேன்,
ஒருவேளை இரண்டு.

பதில் எழுதினேன்:
கவனித்தீர்கள், நன்றி, திருத்தப் போவதில்லை.
மறுபடி படித்துப் பார்க்காமல்
தபாலில் சேர்த்தேன்.